உள்ளகப் புகார் குழுவில் உங்களைப் போட்டுவிட்டார்களா? முதல் விசாரணைக்கு முன்பு இதைப் படியுங்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை எச்ஆரிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. வேலையிடத்தில் பெண்கள் மேல் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்களை விசாரிக்கும் குழு, அதாவது நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழுவுக்கு என்னைத் தலைவராக நியமித்திருந்தார்கள். கோவைப் பக்கம் நானூறு பேர் வேலை செய்யும் இடம். நான் கணக்குப் பிரிவு. மூத்த பொறுப்பில் இருந்த பெண்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். என்னைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை. அரை மணி நேரம் திரையில் படம் காட்டி விளக்கினார்கள். பயிற்சி முடிந்தது.

ஐந்தாவது மாதம் முதல் புகார் வந்தது. தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண், தன் சூப்பர்வைசர் மேல் கொடுத்தது. அவர் பேசும்போதே எங்களுக்கு மனம் கனத்துவிட்டது. பதினொரு நாளில் விசாரணையை முடித்து, அந்த ஆளை வேலையை விட்டு நீக்கப் பரிந்துரைத்தோம். சீக்கிரம் நியாயம் கிடைக்கச் செய்துவிட்டோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். தனக்குப் புகாரின் நகலே தரவில்லை, சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்று காட்டவில்லை, ஓர் அமர்வில் குழுவில் இரண்டே பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்றார். மூன்றும் உண்மை. எங்கள் முடிவு ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லி வந்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அன்னிக்கே எல்லாம் சொன்னேனேக்கா, நீங்க நம்பலையா?" என்று கேட்டார்.

நம்பினேன். நம்பிய வேகத்தில், எதிரே இருந்தவருக்குத் தர வேண்டியதைத் தராமல் விட்டேன். அந்தத் தவறின் சுமை கடைசியில் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்தது. அதே நிலை இன்னொரு பெண்ணுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதியது. புகார் கொடுக்க நினைப்பவரும், தன் மேல் புகார் வந்து திகைத்து நிற்பவரும்கூடப் படிக்கலாம், உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது தெரியும். சொல்வதெல்லாம் வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதன் விதிகளையும் ஒட்டியது, எல்லோரும் போஷ் என்று சொல்கிறோமே, அதேதான்.

1. முதலில் குழுவே சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு கட்டாயம். இல்லாவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவர் அதே நிறுவனத்தின் மூத்த நிலைப் பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர்கள், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். கடிதத்தில் தேதியைப் பாருங்கள். காலாவதியான குழு விசாரித்தது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் வீணாகலாம்.

விசாரணை அமர்வு ஒவ்வொன்றிலும் தலைவரோடு சேர்த்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வெளியூர். 'சாட்சி ஒருத்தர்தானே' என்று இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டுவிட்டோம். இப்போது எங்கள் குழுவில் ஆறு பேர். புகார் சொல்லப்பட்டவரிடமே வேலை பார்க்கும் உறுப்பினரோ, அவரோடு நெருங்கிய நட்போ உறவோ உள்ளவரோ அந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் இல்லையா, அதற்கும் கூடுதல் ஆள் வேண்டும். விலகியதை எழுதி வையுங்கள்.

வெளி உறுப்பினர் பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு அமைப்பிலிருந்தோ, இந்த விஷயம் தெரிந்தவர்களிலிருந்தோ வர வேண்டும். விதியில் அவருக்கு ஒரு நாள் படி 200 ரூபாய், அதோடு பயணச் செலவு என்று இருக்கிறது. அந்தத் தொகைக்கு அரை நாள் ஒதுக்கி வர யாராலும் முடியாது. அதனால் பல நிறுவனங்கள் அமர்வுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கின்றன. புகார் வரும் முன்பே இதை நிர்வாகத்திடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். கையெழுத்துக்கு மட்டும் வந்து போகும் வெளி உறுப்பினர் வேண்டாம். எங்கள் இரண்டாவது விசாரணையைக் கரையேற்றியது, கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு வெளி உறுப்பினர்தான்.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ அது உங்கள் குழுவுக்கு வராது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

2. புகாரை வாங்கும் நாள்

சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். மனசுக்குள் ஒப்புக்கொண்டு கடந்து போனால் மேல்முறையீட்டில் அந்த இடத்தில்தான் பிடிப்பார்கள்.

விதிப்படி புகாரை 6 பிரதிகளாக, கையில் இருக்கும் ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் தர வேண்டும். 'ஆறு காப்பி எடுத்துட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு பிரதி வாங்கி, நகல் நீங்களே எடுங்கள், ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது சட்டப்படி உங்கள் கடமை. இதற்குக் கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது.

அன்று நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது, குறிப்பது, அடுத்து என்ன நடக்கும் என்று நாள் கணக்கோடு சொல்வது. இவற்றைக் கேட்காதீர்கள்: ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை, அன்று என்ன உடை, முன்பு அவரோடு சிரித்துப் பேசுவாயே, வீட்டில் தெரியுமா. இவை எதுவும் சம்பவம் நடந்ததா இல்லையா என்பதைச் சொல்லாது.

அதே சமயம் 'கவலைப்படாதே, அவனை ஒரு வழி பண்ணிடலாம்' என்றும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அடுத்த விசாரணையில் அந்த ஆள் அதையே எழுதிக் கொடுத்தார், குழுத் தலைவர் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார் என்று. அன்று சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 'நீங்க சொல்றதை நாங்க முழுசா எடுத்துக்கறோம். முறையா விசாரிப்போம். இதுக்காக உங்க வேலைக்கு எதுவும் வராம பாத்துக்கறது எங்க பொறுப்பு.' அந்த நேரத்தில் ஒருவரை நம்புவது என்பது இதுதான். தீர்ப்பு சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை.

போலீஸில் புகார் கொடுக்கும் வழியும் தனியாக உண்டு என்று சொல்லுங்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக வைத்திருக்கிறது. போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. போக விரும்பினால் உதவுவது நிறுவனத்தின் கடமை. 181 மகளிர் உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதற்றத்தில் இருப்பவர் காதில் விழுந்தது எதுவும் மனதில் நிற்காது.

ஒரு பொறி: எச்ஆர் தனியாக 'சும்மா ஒரு முன்விசாரணை' நடத்துவது. இரு தரப்பையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசி, புகார் குழுவுக்கு வருவதற்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். புகார் நேரே குழுவுக்கு வர வேண்டும்.

3. முதல் இரண்டு நாளில் ஆதாரங்களைக் காப்பாற்றுங்கள்

சிசிடிவியில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் பதினைந்து நாள், சில இடங்களில் ஒரு மாதம். புகார் வந்த அன்றே, எந்தத் தேதி, எந்தக் கேமரா என்று குறிப்பிட்டுப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி ஐடி பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டாம். வருகைப் பதிவு, வாசல் பதிவேடு, ஷிப்ட் பட்டியல், நிறுவன மின்னஞ்சல், நிறுவன வண்டி போய்வந்த குறிப்பு எல்லாவற்றுக்கும் இதேதான். ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் ஆட்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உங்கள் குழுவுக்கு உண்டு, தயங்காதீர்கள்.

இந்தப் பதிவுகள் புகார் கொடுத்தவருக்கு மட்டும் உதவும் என்று நினைத்துவிடக் கூடாது. தான் அங்கே இல்லவே இல்லை என்று ஒருவர் சொன்னால், அதை நிரூபிக்க அவருக்கும் இருக்கும் ஒரே பிடி அதுதான். குழு எடுத்து வைக்காமல் அழிந்துபோனால் இருவருக்குமே நஷ்டம்.

வாட்ஸ்அப் உரையாடல் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனிலேயே உரையாடலைத் திறந்து, எண்ணும் தேதியும் தெரியக் குழு பார்த்ததாகக் குறிப்பு எழுதி, போனின் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். முன்னும் பின்னும் உள்ள செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். நடுவில் வெட்டி எடுத்த நான்கு வரி எந்தப் பக்கமும் சாயும்.

4. இடைக்கால ஏற்பாடு

விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் எழுதிக் கேட்டால், அவரையோ, யார் மேல் புகாரோ அந்த எதிர்மனுதாரரையோ இடம் மாற்றவும், அவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவும் நிறுவனத்துக்குப் பரிந்துரைக்கலாம். இது அவருடைய வழக்கமான விடுப்பில் கழியாது. அவருடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பு எதிர்மனுதாரர் கையில் இருந்தால் அதை வேறு ஒருவருக்கு மாற்றலாம்.

அவர் கேட்காமலேயே 'உன் பாதுகாப்புக்குத்தாம்மா' என்று வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பஸ் மாறி, ஷிப்ட் மாறி, கூட இருந்த தோழிகள் போய், புகார் கொடுத்ததற்கே தண்டனை போல ஆகிவிடும். எதிர்மனுதாரரை மாற்றினால் அந்தக் கடிதத்தில் 'இது தண்டனை அல்ல, விசாரணை முடியும் வரையிலான ஏற்பாடு' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். கடிதத்தில் காரணமாகப் புகாரின் விவரம் எதையும் எழுதாதீர்கள், அது நான்கு மேசை தாண்டிப் போகும் தாள்.

5. புகாரின் நகல் எதிர்மனுதாரருக்குப் போக வேண்டும், முழுதாக

புகார் வந்த 7 வேலை நாட்களுக்குள் ஒரு பிரதியை அவருக்கு அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அவர் பதிலையும், தன் ஆவணங்களையும், சாட்சிகளின் பெயர், முகவரியையும் தர வேண்டும்.

நாங்கள் அவரைக் கூப்பிட்டு, 'உங்க மேல இப்படி ஒரு புகார் வந்திருக்கு, என்ன சொல்றீங்க' என்று வாயால் கேட்டதோடு நிறுத்திக்கொண்டோம். நகல் கொடுத்தால் அந்தப் பெண்ணை மிரட்டுவார், வெளியில் காட்டுவார் என்ற பயம். பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு மருந்து வேறு. நகலோடு ஒரு கடிதம் வையுங்கள். புகார் கொடுத்தவரையோ சாட்சிகளையோ நேராகவும் ஆள் மூலமாகவும் தொடர்புகொள்ளக் கூடாது, இந்த ஆவணத்தை யாரிடமும் பகிரக் கூடாது, மீறினால் தனி நடவடிக்கை வரும் என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள். என்ன தேதி, என்ன வார்த்தை, எந்த இடம் என்று தெரியாமல் எந்த மனிதனும் பதில் சொல்ல முடியாது. 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதை வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கடிதத்திலும் பேச்சிலும் 'எதிர்மனுதாரர்' என்றே இருக்கட்டும். 'குற்றவாளி', 'அந்தாளு' எதுவும் குழு அறைக்குள் வேண்டாம். அவருக்கும் பதில் எழுத உதவி தேவைப்படலாம். எங்கள் இரண்டாவது வழக்கில் எதிர்மனுதாரர் எட்டாவது வரை படித்தவர். பதில் எழுதத் தெரியாமல் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்து, அவர் நம்பும் ஒருவரை வைத்து எழுதி வரச் சொன்னோம்.

6. சமரசம்

புகார் கொடுத்த பெண் தானே கேட்டால் மட்டும், விசாரணை தொடங்கும் முன். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கவே கூடாது. நீங்களாக இந்த யோசனையை எடுத்துப் போகாதீர்கள், நிர்வாகத்தில் யாராவது எடுத்து வந்தால் தடுத்துவிடுங்கள். சமரசம் ஆனால் எழுதி, இருவருக்கும் பிரதி கொடுங்கள். அதன் பிறகு விசாரணை கிடையாது.

7. விசாரணை அமர்வுகள்

90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். தொண்ணூறு நாள் நிறைய என்று தோன்றும். முதல் மாதம் கடிதப் போக்குவரத்திலேயே போய்விடும். அதனால் முதல் நாளே நாட்காட்டியில் எல்லா அமர்வுத் தேதிகளையும் போட்டு, வெளி உறுப்பினரிடம் உறுதி வாங்கிவிடுங்கள். பதினொரு நாளில் முடிக்கவும் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மேல் 2009-ல் மாணவிகள் கொடுத்த புகார்களில், குழு அவசர அவசரமாக அடுத்தடுத்து அமர்வு வைத்து முடித்தது. அவர் வேலை நீக்கத்தை 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி முறைப்படி விசாரிக்கச் சொன்னது. பதினான்கு வருடம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற பதற்றத்திலேயே குழு அவர்களுக்குக் கூடுதல் தீங்கு செய்துவிட்டது என்ற பொருளில் நீதிமன்றம் வருந்தியதைப் படித்தபோது, அது எங்கள் குழுவைப் பற்றி எழுதியதாகவே பட்டது.

வழக்கறிஞர் யாரும் இரு தரப்புக்காகவும் குழு முன் வரக்கூடாது. வெளியில் ஆலோசனை கேட்டுக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

வாக்குமூலம் எடுப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

வாக்குமூலம் தருபவர் தமிழில் சொல்வார், எழுதுகிறவர் அதை ஆங்கிலத்தில் 'தகாத முறையில் நடந்தார்' என்று சுருக்கிவிடுவார். எங்கள் முதல் விசாரணைக் கோப்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. எங்கே தொட்டார், என்ன வார்த்தை சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கோப்பில் ஒரு வரியும் இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன மொழியில், அந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள். கூச்சப்பட்டு 'கெட்ட வார்த்தை' என்று எழுதினால், பிறகு அது என்ன வார்த்தை என்று மறுபடி கேட்க வேண்டிவரும். சொல்லக் கூசினால் அவரே எழுதித் தரட்டும். வடமாநிலத் தொழிலாளர் என்றால் அவர் மொழி தெரிந்த, அந்தப் பிரிவில் வேலை பார்க்காத ஒருவரை வையுங்கள். அவர் ஊர்க்காரர் என்று சூப்பர்வைசர் அனுப்பிவைக்கும் ஆள் வேண்டாம். முடிந்ததும் வாசித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் அடித்து எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் அவரும் அங்கே இருந்த உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.

சாட்சிகள் பயந்திருப்பார்கள். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்பதுதான் முதல் பதில். ஷிப்ட் நடுவில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். எதிர்மனுதாரர் தரும் சாட்சிகளையும் அதே மரியாதையோடு, அதே நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். நாங்கள் முதல் தடவை அவருடைய இரண்டு சாட்சிகளைக் கூப்பிடவே இல்லை, 'அவனுக்குச் சாதகமாத்தானே சொல்வாங்க' என்று விட்டுவிட்டோம். இரண்டாவது தடவை கூப்பிட்டோம். அதில் ஒருவர், எதிர்மனுதாரரே கொண்டுவந்தவர், கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப்போய், அந்தப் பெண் சொன்ன ஒரு முக்கியமான விஷயம் உறுதியானது.

குறுக்கு விசாரணை என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்கத் தேவையில்லை. ஒருவரின் வாக்குமூலப் பிரதியை மற்றவருக்குக் கொடுத்து, கேட்க விரும்பும் கேள்விகளை எழுதி வாங்குங்கள். குழு அவற்றைக் கேட்டு, பதிலைப் பதிவு செய்து பிரதி கொடுக்கட்டும். நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விகளை நீக்கலாம், ஆனால் எந்தக் கேள்வியை ஏன் நீக்கினோம் என்று எழுதுங்கள். புகார் கொடுத்தவருக்கும் இதே வாய்ப்பு உண்டு.

எதிர்மனுதாரர் வரமாட்டேன் என்று இழுத்தடித்தால்? தக்க காரணம் இல்லாமல் தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு வராவிட்டால், 15 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்துவிட்டு, அவர் இல்லாமலே முடிவெடுக்கலாம். புகார் கொடுத்தவர் அப்படி வராவிட்டால் அதே முன்னறிவிப்போடு விசாரணையை நிறுத்தலாம். ஆனால் அதற்கு முன் அவர் ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள். பலமுறை அதற்குக் காரணம் வீட்டிலோ லைனிலோ ஒருவர் கொடுக்கும் அழுத்தம்.

8. எடை போடுவது

கிரிமினல் வழக்கு போல 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபணமாக வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். மூடிய அறையில் நடந்ததற்கு நேரில் பார்த்த சாட்சி இருக்காது. அன்று சாயங்காலமே யாரிடமாவது சொன்னாரா, அடுத்த நாள் விடுப்பு எடுத்தாரா, ஷிப்ட் மாற்றிக் கேட்டாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் படம் தெளியும். எதிர்ப்பக்கமும் அதேபோல: அவர் சொல்லும் மறுப்புக்குப் பதிவேட்டில் ஆதரவு இருக்கிறதா, இருவருக்கும் நடுவில் ஊதிய உயர்வு, மெமோ என்று முந்தைய தகராறு உண்டா, இருந்தால் அது புகாரை விளக்குகிறதா அல்லது வெறும் சாக்கா.

எங்கள் முதல் வழக்கில் அந்தப் பெண் மூன்று சம்பவங்கள் சொல்லியிருந்தார். இரண்டாவது சம்பவத்தின் தேதியில் அந்த சூப்பர்வைசர் சென்னை டிப்போவில் இருந்தார், வருகைப் பதிவு காட்டியது. முதல் விசாரணையில் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதில் அவர் அந்தப் பதிவை எடுத்து வைத்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தப் பெண்ணிடம் கேட்டோம். யோசித்து, மாதக் கடைசி இருப்பு எடுத்த நாள் என்றார், அன்று ராத்திரி அக்காவுக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினார். சம்பவம் இரண்டு நாள் பிந்தி நடந்திருந்தது. தேதித் திருத்தத்தைப் பதிவு செய்து, எதிர்மனுதாரருக்கு மறுபடி பதில் சொல்ல அவகாசம் கொடுத்தோம். அவரிடம் பதில் இல்லை. மூன்றாவது சம்பவத்துக்கு எந்தப் பக்கமும் ஆதாரம் போதவில்லை, 'நிரூபணமாகவில்லை' என்று எழுதினோம். அந்த ஒரு வரியை எழுத மனம் வரவில்லை. ஆனால் மற்ற இரண்டும் நிரூபணம் என்று நாங்கள் எழுதியதை யாரும் அசைக்க முடியாமல் போனதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

'நான் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை' என்பது அடிக்கடி வரும் பதில். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, செய்தவரின் நோக்கத்தைவிட அந்த நடத்தை பெண்ணுக்கு விருப்பமற்றதாக இருந்ததா என்பதே பார்க்க வேண்டியது.

பொய்ப் புகார் பற்றி. தீய நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்த புகார் என்றால் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் நடவடிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது பொய் ஆகிவிடாது என்று அதே பிரிவு சொல்கிறது. தீய நோக்கம் இருந்ததா என்பதை விசாரித்து நிறுவிய பிறகே அதில் கை வைக்க முடியும். புகார் வாங்கும் மேசையில் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

9. அறிக்கைக்கு முன் ஒரு படி, பலரும் தவறவிடுவது

இரு தரப்பும் ஊழியர்கள் என்றால், குழு கண்டறிந்ததன் பிரதியை இருவருக்கும் கொடுத்து, அதன் மேல் சொல்ல வேண்டியதை அதே குழுவிடம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். ஒரு வார அவகாசம் கொடுங்கள். வந்த பதில்களுக்கு இறுதி அறிக்கையில் பதில் எழுதுங்கள், ஏற்காவிட்டாலும் ஏன் என்று.

அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடுத்து, ஆதரவான ஆதாரம், எதிரான ஆதாரம், குழு எதை ஏன் ஏற்றது என்று எழுதுங்கள். 'அவர் அழுதுகொண்டே சொன்னதால் நம்பகமாக இருந்தது' என்று நான் முதல் அறிக்கையில் எழுதியிருந்தேன். அழாமல் சொல்லும் பெண் என்ன செய்வாள்? அதை நீக்கிவிட்டேன்.

விசாரணை முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை நிறுவனத்துக்கும் இரு தரப்புக்கும் போக வேண்டும். நிரூபணமானால் எழுத்து மூலம் மன்னிப்பு, எச்சரிக்கை, பதவி உயர்வையோ ஊதிய உயர்வையோ நிறுத்துவது, வேலை நீக்கம், மனநல ஆலோசனை, சமூக சேவை வரை பரிந்துரைக்கலாம். இழப்பீடும் உண்டு. மன வேதனை, வேலையில் இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, எதிர்மனுதாரரின் வருமானம் ஆகியவற்றைப் பார்த்துத் தொகை குறிக்க வேண்டும், அதனால் மருத்துவ ரசீதுகளை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நிரூபணமாகவில்லை என்றால் நடவடிக்கை தேவையில்லை என்று தெளிவாக எழுதுங்கள். மழுப்பி எழுதினால் அந்த ஆள் காலம் முழுக்க அந்த மழுப்பலைச் சுமப்பார். பரிந்துரை கிடைத்த 60 நாளுக்குள் நிறுவனம் செயல்பட வேண்டும். இருவரில் யாரும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நடுவில் எதிர்மனுதாரர் ராஜினாமா கொடுத்தால் சட்டென்று வாங்கிக்கொண்டு அனுப்பிவிட நிர்வாகம் துடிக்கும். விசாரணையை முடித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இரு தரப்புக்குமே ஒரு முடிவு எழுத்தில் கிடைக்க வேண்டும்.

10. கோப்பை மூடிய பிறகு

புகார் கொடுத்தவர், எதிர்மனுதாரர், சாட்சிகள், எல்லோருடைய அடையாளமும் விசாரணை விவரமும் ரகசியம். சட்டம் மூவரையும் ஒன்றாகத்தான் காக்கிறது. கையாளும் பொறுப்பில் இருந்தவர் வெளியிட்டால் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. எங்கள் வழக்கு முடிந்த வாரம் கேன்டீனில் மூன்று விதமான கதை ஓடியது. நான் எதையும் மறுக்கவில்லை, உறுதி செய்யவும் இல்லை.

கோப்பை எச்ஆர் அலமாரியில் வைக்காதீர்கள். தனிப் பூட்டு, சாவி தலைவரிடம். கணினிப் பிரதிக்குக் கடவுச்சொல், அது இரண்டு பேருக்கு மட்டும். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி நிற்பது எத்தனை என்று ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும், பெயர் எதுவும் இல்லாமல்.

மூன்று மாதம் கழித்து ஒருமுறை அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேளுங்கள், ஓவர்டைம் பட்டியலில் பெயர் வருகிறதா, யாராவது பேசாமல் ஒதுக்குகிறார்களா என்று. புகார் நிரூபணமாகாமல் திரும்ப வேலைக்கு வந்தவரையும் அதேபோல. நான் இரண்டு பேருக்குமாக டைரியில் தேதி குறித்து வைத்திருக்கிறேன், அடுத்தது வருகிற 14-ஆம் தேதி.